வாரிசுக்குத் தெரியாமல் ஒரு வாரிசு வழக்கு

நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புக்கும் பெயர் மாற்ற அறிவிப்புக்கும் நடுவே, இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம் வரும். மேலே நீதிமன்றத்தின் பெயர், அடுத்து அசல் மனு எண், அதன்கீழ் மனுதாரர், எதிர்மனுதாரர். இன்னாரின் மகன் இன்னார் இன்ன தேதியில் இறந்துவிட்டார். அவர் எழுதிவைத்த உயிலுக்குப் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்ற நீதிமன்றச் சான்று கேட்டு, அல்லது அவர் பெயரில் உள்ள வைப்புத்தொகைக்கு இறங்குரிமைச் சான்று கேட்டு மனு போடப்பட்டிருக்கிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் இன்ன தேதி காலை 10.30 மணிக்கு நேரிலோ வழக்கறிஞர் மூலமாகவோ ஆஜராக வேண்டியது, தவறினால் மனு ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும். கண்ணாடி போட்டவர்கூடத் தாளை முகத்தருகே தூக்கிப் பிடித்துத்தான் படிக்க முடியும்.

அந்தக் கட்டம் பார்க்க வேண்டியவர் கண்ணில் படாமல் போனால், ஒரு வீடும் ஒரு ஷெட்டும் ஓர் ஆயுட்காலச் சேமிப்பும் அவருக்குத் தெரியாமலே கைமாறிவிடும். திருப்பூர் வேலம்பாளையத்தை முன்வைத்து இதை எழுதக் காரணம் உண்டு. இங்கே ஒரே தலைமுறையில் சொத்து உண்டானது. அதே தலைமுறையில் குடும்பங்கள் ஊர் ஊராகப் பிரிந்தன. வெளி மாநிலத்துக்காரர்கள் வந்து குடியேறினார்கள். சம்பந்தப்பட்டவர்களுக்குத் தகவல் சொல்லும் முறை மட்டும் வெள்ளைக்காரன் காலத்து நடைமுறையிலேயே நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 283ஆம் பிரிவு, புரொபேட்டோ நிர்வாக உரிமையோ வழங்கும் முன், இறந்தவரின் சொத்தில் அக்கறை உள்ளவர்கள் எல்லோரையும் வந்து நடவடிக்கையைப் பார்க்கும்படி அழைக்கும் அதிகாரத்தை மாவட்ட நீதிபதிக்குக் கொடுக்கிறது. அந்த அழைப்பை நீதிமன்றக் கட்டடத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். அதற்கு மேல் எப்படி வெளியிடுவது என்பது நீதிபதியின் விருப்பம். 1881ஆம் ஆண்டின் புரொபேட் சட்டத்தில் இருந்த ஏற்பாடுதான் இது. பெரிய மாற்றமில்லாமல் அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். கலெக்டர் கச்சேரிதான் ஜில்லாவுக்கே மையமாக இருந்த காலத்தில் அதன் சுவரில் ஒட்டினால் ஊருக்குச் சொன்ன மாதிரி. வேலம்பாளையத்தில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் பல்லடம் சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகச் சுவரைப் படிக்க எதற்காகப் போகப்போகிறார்?

ஏன் இவ்வளவு பேரை அழைக்க வேண்டும்? சாதாரண சிவில் வழக்கின் தீர்ப்பு அந்த வழக்கின் கட்சிக்காரர்களை மட்டும் கட்டுப்படுத்தும். புரொபேட் அப்படியல்ல. உயில் உண்மையானது என்று நீதிமன்றம் ஒருமுறை சொல்லிவிட்டால், வழக்கில் இருந்தவர், இல்லாதவர், வழக்கு நடந்ததே தெரியாதவர் என்று எல்லோரையும் அது கட்டுப்படுத்தும். அத்தனை பேரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்புக்கு முன்னால் அத்தனை பேருக்கும் தெரியவைக்கும் கடமை இருக்கிறது.

இனி வேலம்பாளையத்துக்கு வருவோம். பழைய ஆட்கள் இன்றும் '15 வேலம்பாளையம்' என்றுதான் சொல்கிறார்கள். தனி நகராட்சியாக இருந்து 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்த ஊர். இணைந்தபின் வார்டு மாறியது. பத்திரத்தில் ஒரு கதவு எண், வரி ரசீதில் ஒன்று, ஆதாரில் இன்னொன்று. மாவட்டமே 2009இல்தான் கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பிரித்து உண்டாக்கப்பட்டது. பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு வரும் தபால்காரரும் நீதிமன்ற அமீனாவும் தேடும் வீடு அதே இடத்தில் இருந்தாலும், காகிதத்தில் அது வேறெங்கோ இருக்கிறது. பனியன் வேலையில் இருப்பவர்கள் வாடகை வீடு மாறுவதும் அடிக்கடி நடக்கும். ஜாப் ஒர்க் எங்கே கிடைக்கிறதோ அங்கே குடும்பம் நகரும்.

இங்கே ஒரு சாதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பவர் டேபிளோடு ஆரம்பித்து, ஷெட் கட்டி, கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங் என்று வளர்த்த அப்பா இறந்துபோகிறார். மகன் பத்து வருஷமாகக் கம்பெனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூத்த மகளைப் பெருந்துறைப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. இளைய மகள் கணவரோடு பெங்களூரில் இருக்கிறார். ஷெட் இருக்கும் இடம், இரண்டு சைட், வங்கியில் வைப்புத்தொகை, கூட்டு நிறுவனத்தில் அப்பாவின் பங்கு, இவைதான் சொத்து. காரியம் முடிந்த கொஞ்ச நாளில் ஓர் உயில் வெளியே வருகிறது. திருப்பூர் மாதிரி ஊரில், அங்குள்ள சொத்துக்கு ஓர் இந்து எழுதும் உயிலுக்குப் புரொபேட் கட்டாயம் என்று சட்டம் சொன்னதில்லை. இந்துக்களைப் பொறுத்தவரை அந்தக் கட்டாயம் சென்னை, மும்பை உயர் நீதிமன்றங்களின் நேரடி எல்லைக்கும் பழைய வங்காளப் பகுதிக்கும்தான் இருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதைச் சொன்ன 213ஆம் பிரிவையே நீக்கி, அங்கேயும் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் சைட்டை வாங்க வருகிறவரோ, கடன் கொடுக்கும் வங்கியின் வழக்கறிஞரோ கேட்கும்போது மகன் நீதிமன்றத்துக்குப் போகிறார்.

மனுவில் அக்காவும் தங்கையும் எதிர்மனுதாரர்கள். அவர்களுடைய முகவரி? பல மனுக்களில் அப்பாவின் வீட்டு முகவரியே அவர்களுக்கும் போடப்படுகிறது. ரேஷன் கார்டிலிருந்தோ பழைய பத்திரத்திலிருந்தோ எடுத்தது என்று காரணம் சொல்லப்படும். பேட்டா என்னும் அறிவிப்புக் கட்டணத்தைக் கட்டியதும் அறிவிப்பு கிளம்பி, மனுப் போட்டவர் குடியிருக்கும் அதே வீட்டுக்கு வந்து சேர்கிறது. சம்பந்தப்பட்டவர் வீட்டில் இல்லாவிட்டால் அவரோடு வசிக்கும் வயதுவந்த குடும்ப உறுப்பினரிடம் கொடுக்கலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் அனுமதிக்கிறது. கட்டிக்கொடுத்த மகள் அந்த வீட்டில் வசிக்கவில்லை என்பதை வாங்கியவர் சொல்லப்போவதில்லை, கொடுத்தவர் கேட்கப்போவதுமில்லை. நீதிமன்றக் கட்டில் 'சார்வு செய்யப்பட்டது' என்று பதிவாகிறது. தபாலில் போனால் 'கதவு பூட்டியிருந்தது', 'முகவரியில் இல்லை' என்ற குறிப்போடு உறை திரும்பும். அடுத்த வாய்தாவில் பத்திரிகை விளம்பரத்துக்கு மனு. விளம்பரம் திருப்பூர்ப் பதிப்பில் வரும். தங்கை இருப்பதோ பெங்களூரில்.

இதைவிட எளிய வழி ஒன்றும் இருக்கிறது. நாள் முழுதும் ஃபோனில் பேசிக்கொள்ளும் அண்ணன் தங்கைக்குள் அது இப்படி நடக்கும்:

"அம்மிணி, அப்பா டெபாசிட்ட எடுக்கோணும். ஆட்சேபணை இல்லீன்னு கோர்ட்ல ஒரு கையெழுத்துக் கேக்கறாங்க."

"என்ன எழுதியிருக்குதுங்ணா?"

"எல்லாம் வக்கீல் எழுதிட்டாரு. பென்சில்ல பெருக்கல் குறி போட்டிருக்கற எடத்துல மட்டும் போடு, போதும்."

அந்தப் பிரமாணப் பத்திரத்தில் டெபாசிட் மட்டும் இருக்கிறதா, ஷெட்டும் சைட்டும் சேர்ந்திருக்கின்றனவா என்று தங்கை படிக்கவில்லை. படிக்கக் கேட்டால் அண்ணனை நம்பவில்லை என்று ஆகிவிடும். நாளைக்குப் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டும். சீர் செய்து அனுப்பியாயிற்று, பெண்ணுக்கு இனி என்ன பங்கு என்ற பேச்சு இந்தப் பக்கத்தில் இன்னும் ஓயவில்லை. மகளுக்குப் பூர்விகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்து, 25.3.1989 முதல் நடைமுறைப்படுத்தியது. மத்திய அரசின் திருத்தம் 2005இல் வந்தது. உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. உரிமை வந்துவிட்டது, அந்த உரிமை பற்றிய விசாரணை என்றைக்கு, எந்த நீதிமன்றத்தில் என்ற தகவல் வரவில்லை. தகவல் வராத உரிமை பெண்களுக்கு எந்த வகையில் உதவும்?

எதிர்தரப்பிலும் நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. எல்லா அண்ணன்களும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. அப்பாவின் கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தவர், கம்பெனிக் கடனைத் தலையில் சுமந்தவர், நியாயமான உயிலைத்தான் கையில் வைத்திருப்பார். அப்படிப்பட்டவருக்கும் சரியான அறிவிப்புதான் பாதுகாப்பு. ஏனென்றால், அழைக்க வேண்டியவர்களை அழைக்காமல் வாங்கிய புரொபேட்டை ரத்து செய்யலாம் என்று 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 263ஆம் பிரிவு சொல்கிறது. சட்டமே அதற்குக் கொடுக்கும் உதாரணங்களில் ஒன்று இது. 1955இல் அனில் பிஹாரி கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது: அறிவிப்பு தராததே சாதாரணமாக ரத்துக்குப் போதிய காரணமாகலாம், ஆனால் எல்லா நிலையிலும் தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல. உயிலின் உண்மை பற்றிப் பெரிய சந்தேகம் எழாத அந்த வழக்கில் பழைய புரொபேட் நிலைத்தது. ஆக, தெரியாமல் போனவர் தனக்குத் தெரியவில்லை என்று மட்டும் சொன்னால் போதாது.

அவருக்குக் காலமும் எதிரி. லினெட் ஃபெர்னாண்டஸ் வழக்கில் 1960இல் புரொபேட் வழங்கப்பட்டபோது மகள் மைனர். 1996இல் ரத்து கேட்டு வந்தார். மேஜரானபின் மூன்று ஆண்டுக்குள் வந்திருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. சட்டத்தின் கணக்கில் அது சரியாகவே இருக்கட்டும். ஒரு குழந்தைக்கு அவளுடைய பங்கு பற்றி உரிய நேரத்தில் யாரும் சொல்லாமல் விட்டதன் விலையை அவளேதான் கட்டியிருக்கிறாள் என்பது என் மனதை விட்டுப் போகவில்லை.

ஜெயலலிதாவின் சொத்து விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். 2016 டிசம்பர் 5 அன்று அவர் இறந்தபின், அவருடைய அரசியல் கட்சியைச் சேர்ந்த, உறவினர் அல்லாதவர்கள் நிர்வாக உரிமை கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். அண்ணன் பிள்ளைகளான தீபாவும் தீபக்கும் தங்கள் உரிமையைக் கோரினார்கள். 2020 மே மாதம்தான் அவர்களை வாரிசுகள் என்று நீதிமன்றம் அறிவித்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்கு அது. யார் மனு போட்டாலும் அன்று மாலையே தொலைக்காட்சி சொல்லிவிடும். செக்கிங் மேஜையில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது. அவருக்கு நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். வேலம்பாளையத்திலும் அனுப்பர்பாளையத்திலும் வரிசை வரிசையாக உள்ள லைன் வீடுகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்துக்காரர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இங்கே இறந்தால், பி.எஃப். பணமும் வங்கி இருப்பும் இங்கே; மனைவியும் அம்மாவும் அங்கே. நாமினியாக யார் பெயரைப் போட்டார் என்பது வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ நிரப்பிய படிவத்தில் இருக்கும். வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் கை மட்டுமே, உரிமை வாரிசுகளுக்குத்தான் என்பது உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொன்ன நிலைப்பாடு. பங்குப் பத்திரங்களுக்கும் அதுவே பொருந்தும் என்று 2023 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஊரிலுள்ள மனைவிக்குத் தெரியாமல் இங்கிருக்கும் உறவினர் ஒருவர் இறங்குரிமைச் சான்றுக்கு மனுப் போட்டால், அறிவிப்பு எந்த மொழியில் போகும்? எந்தப் பத்திரிகையில் வரும்?

283ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவைக் கவனித்துப் படித்தால் ஒன்று புரியும். இறந்தவரின் சொத்தில் ஒரு பகுதி வேறு மாநிலத்தில் இருந்தால், அழைப்பின் நகலை அந்த மாநில மாவட்ட நீதிபதிக்கு அனுப்ப வேண்டும். அவர் அதைத் தான் பிறப்பித்தது போலவே வெளியிட வேண்டும். சொத்து எல்லை தாண்டியிருந்தால் அறிவிப்பும் எல்லை தாண்டும். வாரிசு எல்லை தாண்டி இருந்தால் என்ன செய்வது என்று அந்த உட்பிரிவில் ஒரு வரி இல்லை. நிலத்தைத் தேடிப் போகிற சட்டம் மனைவியைத் தேடிப் போகவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் இரக்கத்தோடு எழுதப்பட்டது. விபத்தில் இறந்தவருக்கான தொகையை முதலாளி ஆணையரிடம்தான் கட்ட வேண்டியிருந்தது. தேவையென்று கருதினால், அவரை நம்பியிருந்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக் கொடுத்து, நாள் குறித்து வரவழைத்துப் பங்கிடும் வழி ஆணையருக்கு அதில் இருந்தது. தொழிலாளியின் இழப்பீட்டுக்கு நூறாண்டுக்கு முன் தோன்றிய அந்த அக்கறை, அதே தொழிலாளியின் சேமிப்புக்கு ஏன் தோன்றக் கூடாது?

பத்திரிகை விளம்பரம் போதுமா என்ற கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1950லேயே எதிர்கொண்டது. நியூயார்க்கில் ஒரு வங்கி 113 டிரஸ்ட்களின் பணத்தை ஒன்றாகப் போட்டு நிர்வகித்தது. கணக்கை நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளச் சம்பந்தப்பட்டவர்களுக்குப் பத்திரிகையில் மட்டும் அறிவிப்புக் கொடுத்தது. முகவரி தெரியாதவர்களுக்கு விளம்பரம் சரி, முகவரி கையில் இருக்கும்போது தபால் போடாமல் விளம்பரத்தோடு நிறுத்துவது செல்லாது என்றது மலேன் வழக்கின் தீர்ப்பு. அறிவிப்புக் கொடுப்பவர் உண்மையிலேயே தகவல் போய்ச் சேர வேண்டும் என்று விரும்பினால் என்ன செய்வாரோ, அதைச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். நம் ஊர் வழக்குகளுக்கும் இந்த அளவுகோல் போதும். தங்கையின் வாட்ஸ்அப் எண் அண்ணனின் கைப்பேசியில் இருக்கிறது. தீபாவளி வாழ்த்து அந்த எண்ணுக்குப் போகிறது. நீதிமன்ற அறிவிப்பு மட்டும் ஏன் அதற்குப் போவதில்லை?

இதற்கான வழிகள் புதியவை அல்ல. கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், மின்னஞ்சலோடு வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் வழியாகவும் அறிவிப்பு அனுப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அமீனா எந்த இடத்தில், எத்தனை மணிக்கு நின்றார் என்பதைக் கைப்பேசியிலேயே பதிவுசெய்யும் என்ஸ்டெப் முறையும் வந்திருக்கிறது. அப்பா வீட்டுக் கதவில் ஒட்டியதை மகள் வீட்டுக் கதவு என்று காட்ட அந்த வரைபடம் விடாது. மனுப் போடுபவர் எல்லா நெருங்கிய உறவினர்களின் இப்போதைய முகவரி, கைப்பேசி எண் இரண்டையும் பிரமாணப் பத்திரத்தில் தர வேண்டும் என்று நீதிமன்றம் முதல் வாய்தாவிலேயே கேட்கலாம். நிர்வாக உரிமை மனுவிலும் இறங்குரிமைச் சான்று மனுவிலும் உறவினர் பெயரும் வசிப்பிடமும் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. புரொபேட் மனுவுக்கான 276ஆம் பிரிவில் அது இல்லை. வழக்கத்தில் சேர்க்கிறார்கள், அவ்வளவுதான். வெளி மாநிலத்து வாரிசுக்கு அவருடைய மொழியில் ஒரு பக்கம் போகட்டும். ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டதாகச் சொல்லப்படும் பெண்ணிடம் நீதிபதி காணொலியில் இரண்டு நிமிடம் பேசட்டும். "இதில் ஷெட்டும் சைட்டும் இருப்பது தெரியுமா அம்மா?" என்று கேட்டால் போதும், பாதி வழக்கு நிறம் மாறிவிடும்.

இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒரு குறையைச் சரிசெய்தாலே பெரிய உதவி. அங்கே கட்சிக்காரர் பெயரை வைத்து வழக்கைத் தேடலாம். ஆனால் இறந்தவர் கட்சிக்காரர் அல்ல. அப்பா பெயரைப் போட்டுத் தேடும் மகளுக்கு ஒன்றும் கிடைக்காது. அண்ணன் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும், அதற்கு அண்ணன்மேல் முதலில் சந்தேகம் வர வேண்டும். இறந்தவர் பெயர், ஊர் இரண்டையும் வைத்துத் தேடும்படி செய்தால், சண்டை போடாமலே ஒரு பெண் தெரிந்துகொள்ளலாம்.

இத்தனை அறிவிப்பும் கொடுத்தால் மனு முடிய வருஷமாகும் என்பார்கள். இப்போதும் உறை திரும்பி, மறு பேட்டா கட்டி, விளம்பரத்துக்கு மனுப் போட்டு, விளம்பரம் வந்த தாளைத் தாக்கல் செய்து வாய்தா வாய்தாவாகத்தான் போகிறது. சரியான எண்ணுக்கு முதல் வாரமே தகவல் போனால் காலம் குறையும். பத்து வருஷம் கழித்து ரத்து மனு, பாகப் பிரிவினை வழக்கு, மேல்முறையீடு என்று நீள்வதோடு ஒப்பிட்டால் இது ஒரு தாமதமே அல்ல.

நீதிமன்றம் மாறும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்குச் சில வழிகள் இப்போதே உண்டு. உயில் பதிவு செய்யப்பட்டிருந்தால், எழுதியவர் இறந்தபின் யார் விண்ணப்பித்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் தர வேண்டும் என்று பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. அது வில்லங்கச் சான்றில் தெரியாது, தனியாகக் கேட்க வேண்டும். வாரிசுரிமைச் சட்டத்தின் 284ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்தில் கேவியட் போட்டுவைத்தால், போட்டவருக்கு அறிவிக்காமல் மனுவில் மேற்கொண்டு எதுவும் நடக்கக் கூடாது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். இவையெல்லாம் சந்தேகம் வந்தபின் செய்பவை. சந்தேகமே வராதபடி சொல்லியனுப்பும் பொறுப்பு நீதிமன்றத்தின் தோளில்தான் இருக்கிறது. அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. நீதிபதி எப்படிப் பணிக்கிறாரோ அப்படி வெளியிடலாம் என்று 283ஆம் பிரிவே சொல்கிறது. உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்துவிடும். அது வரும்வரை, அடுத்து வரும் மனுவில் எதிர்மனுதாரரான மகளின் முகவரியும் மனுதாரரின் முகவரியும் ஒன்றாக இருந்தால், அந்தக் கட்டை அன்றைக்கே திருப்பிக் கொடுக்க எந்த நீதிபதிக்கும் தடையில்லை.